அந்தக் கடிதத்தில் வருவது புயல் இல்லை, குத்தகைத் தவணை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவரின் கொள்ளுப்பாட்டி 1883இல், 19 வயதில், அயர்லாந்தின் மேயோ கவுன்டியிலிருந்து பாஸ்டனுக்கு வீட்டுவேலைக்குப் போனவர். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் 1884 முதல் 1910 வரை அவருக்கு எழுதிய 11 கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடைத்திருக்கின்றன. ஆசையோடு பிரித்துப் பார்த்தால் சிவப்பு மாடு கன்று போட்டது, மழை விடவில்லை, சந்தையில் விலை இல்லை, இன்னார் இறந்துவிட்டார், இன்னாருக்குக் கல்யாணம், அவ்வளவுதான். இதிலிருந்து குடும்ப வரலாறு ஏதாவது தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். கூடப் பிறந்தவளுக்கு 26 வருடம் எழுதிய ஒரு மனிதர் ஒரு இடத்தில்கூட 'உன்னைத் தேடுகிறது' என்று எழுதவில்லையே, இவருக்குப் பாசமே கிடையாதா என்பதுதான் உங்கள் கேள்வி. உங்கள் கணவர் 'கல்நெஞ்சுக்காரர்' என்று தீர்ப்பே எழுதிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

நான் மேற்கு அயர்லாந்தில் ஒரு ஆவணக் காப்பகத்தில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் கடிதக் கட்டுகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வருவது எங்களுக்கு வாடிக்கை. உங்களுடைய கடிதங்களை நான் பார்க்கவில்லை. நீங்கள் தமிழில் பெயர்த்துப் போட்டிருக்கும் ஏழெட்டு வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன். ஆகவே அந்தக் காலத்து வழக்கத்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் குடும்பத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம். எங்கே ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அந்தப் புயல். 1886 நவம்பர் கடிதத்தில் 'நீ அனுப்பியது புயலுக்கு முன்னால் வந்து சேர்ந்தது, கடவுளுக்கு நன்றி' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் 'கேல்' (gale) என்ற சொல்தானே இருக்கிறது? அகராதியில் பார்த்தால் அது பலத்த காற்றுதான். ஆனால் அயர்லாந்துக் குடியானவன் வாயில் 'கேல்' என்றால் நிலச்சுவான்தாருக்குக் கட்டவேண்டிய அரையாண்டுக் குத்தகை. மே மாதம் ஒன்று, நவம்பர் மாதம் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தவணை. கட்டாவிட்டால் முதலில் நோட்டீஸ், அப்புறம் ஆள்படையோடு வந்து வீட்டைவிட்டு வெளியேற்றுவது. மேயோவில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. குத்தகைதாரர்களின் நிலப் போராட்டத்துக்குத் தலைவரான மைக்கேல் டாவிட் பிறந்தது இதே மேயோவில், ஸ்ட்ரேட் என்ற கிராமத்தில். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குத்தகை கட்டமுடியாமல் அவருடைய குடும்பம் வீட்டிலிருந்து துரத்தப்பட்டது. 1879இல் நிலச் சங்கம் முளைத்ததும் இந்தக் கவுன்டியின் காஸல்பார் ஊரில்தான். 'பாய்காட்' (புறக்கணிப்பு) என்று உலகமே பேசும் சொல்லுக்குப் பெயர் கொடுத்த கேப்டன் பாய்காட் இங்கே மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்டாக இருந்தவர், அது 1880. உங்கள் கொள்ளுப்பாட்டி கப்பல் ஏறியது இதெல்லாம் நடந்து மூன்றே வருடத்தில்.

ஆக, அந்த ஒரு வரியின் பொருள் இதுதான்: பாஸ்டனில் யாரோ ஒருவர் வீட்டில் படிக்கட்டு துடைத்துச் சம்பாதித்த பணம், அந்த நவம்பரில் தாய் தகப்பன் தலைக்கு மேல் கூரை நிற்க வைத்தது. இதைத் தெரிந்துகொண்டு மாடு பற்றிய வரிகளுக்குத் திரும்புங்கள். அந்தப் பக்கத்துச் சிறு குடியானவன் வீட்டில் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு, பணத்துக்குக் கால்நடை. பன்றியை 'குத்தகை கட்டும் துரை' என்றே கேலியாகச் சொல்வார்கள்; கன்றையும் பன்றியையும் விற்ற காசு குத்தகைக்குப் போய்விடும். முட்டையும் வெண்ணெயும் பெண்கள் கணக்கு, அதில் கடைக்கடன் அடையும். மாடு கன்று போட்டது என்றால் அடுத்த வருடம் விற்க ஒன்று இருக்கிறது என்று பொருள். மாடு செத்தது என்றால் அடுத்த தவணைக்கும் தங்கையைத்தான் கேட்கவேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிற மனிதர் மாட்டைப் பற்றி எழுதுகிறார். 'சந்தையில் விலை இல்லை' என்று ஒரு வரி வந்தால், அதற்கு அடுத்த டிசம்பரில் பணம் போயிருக்கும் என்று கிட்டத்தட்டப் பந்தயமே கட்டுவேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் காசு வைத்த கடிதத்துக்கு 'அமெரிக்கக் கடிதம்' என்று தனிப் பெயரே இருந்தது. அது வரும் என்ற நம்பிக்கையில் கடைக்காரர் கடன் கொடுத்தார்.

இந்தக் கடிதங்களை ஒரு பங்குதாரருக்கு அனுப்பிய கணக்காகப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பண்ணையில் உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு பிடி மண் பட்டாவில் கிடையாது, ஆனால் அவர் பணம் அங்கே நாலு காலில் நின்றது. அது என்ன ஆயிற்று என்று தவறாமல் சொல்வதைத் தன் கடமையாக அண்ணன் நினைத்திருக்கிறார். பாசம் இருந்தது என்று இதை வைத்து என்னால் நிரூபிக்க முடியாது. பாசம் இல்லை என்று உங்கள் கணவராலும் முடியாது. ஆனால் 26 வருடம் கழித்தும் அவளுக்குப் பழக்கமான அந்தச் சிவப்பு மாட்டின் வம்சத்தை ஒன்று விடாமல் சொல்லிவந்த ஆளைக் கல்நெஞ்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, அந்தக் காலத்தில் கடிதம் தனிப்பட்ட பொருளாக இருக்கவில்லை. அனுப்புகிற வீட்டில் நாலு பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து 'இதையும் எழுது' என்று சொல்ல ஒருவர் எழுதுவார். போய்ச் சேரும் இடத்தில் அதே ஊரிலிருந்து வந்த அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடி வாசிப்பார்கள். நாலு பேர் காதில் விழப்போகும் தாளில் யார் மனதைத் திறப்பார்கள்? உண்மையிலேயே அந்தரங்கமான விஷயம் என்றால் தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே செருகுவார்கள். அந்தத் துண்டுத்தாள்கள்தான் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. 'நீங்கள் நலமா, நாங்கள் இதுவரை நலம், கடவுளுக்கு நன்றி' என்று எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி தொடங்குவதைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தீர்கள். நம் தாத்தாக்கள் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்காத கடிதம் உண்டா? அங்கேயும் அது வாய்ப்பாடுதான்.

அதோடு மொழியும் ஒரு தடை. 1860களில் பிறந்த மேயோ பிள்ளைகளில் பலருக்கு வீட்டுமொழி ஐரிஷ். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம். ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கு இருமொழிப் பாடத்திட்டம் வந்ததே 1904இல்தான். ஆகவே அம்மாவோடு ஐரிஷில் பேசிக்கொண்டிருந்த மனிதர், அந்த மொழியில் எழுதத் தெரியாமல், பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் தங்கைக்கு எழுதுவது சர்வசாதாரணம். அம்மா ஐரிஷில் சொல்லி அழுததை மகன் ஆங்கிலத்தில் 'அம்மா உன்னை விசாரித்தாள்' என்று ஒரு வரியாக்கியிருக்கலாம். உங்கள் குடும்பத்தில் அப்படி நடந்ததா என்பது ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திப் படியெடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதும் இதனால்தான். காதில் விழுந்தபடி எழுதிய சொல்லில்தான் அந்த மனிதரின் குரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் உங்களைக் குழப்பிய அந்தப் 'பையன்கள்'. 1893 கடிதத்தில் 'பையன்கள் இருவரும் நலம்' என்கிறார், 1898 மார்ச்சில்தான் தனக்குக் கல்யாணம் ஆனதாக எழுதுகிறார், அதற்கு முன்னால் ஒரு மனைவி இருந்து மறைத்தாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அயர்லாந்துக் கிராமத்தில் கல்யாணம் ஆகாத ஆண் எத்தனை வயதானாலும் 'பையன்'தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே குழியில் விழுந்தேன். ஒரு கட்டில் வந்த 'பையன்களை' பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அட்டவணையில் பதிந்துவிட்டேன். பிறகு பார்த்தால் மூத்தவருக்கு 47 வயது, மூட்டுவலி வேறு. உங்கள் கடிதத்தில் வருபவர்கள் நிலம் கிடைக்காமல் வீட்டோடு இருந்த தம்பிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மாதிரிச் சொற்கள் இன்னும் சில இருக்கின்றன. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று வந்தால் பல இடங்களில் நண்பர்கள் இல்லை, உறவினர். 'ஃபார்ச்சூன்' என்றால் அதிர்ஷ்டமோ பெருஞ்செல்வமோ இல்லை, பெண் கொண்டுவரும் சீதனம். புல்லை 'சேவ்' செய்தாயிற்று என்றால் ஆபத்திலிருந்து காப்பாற்றினார்கள் என்பதல்ல, அறுத்துக் காயவைத்து மழைக்கு முன்னால் போர் போட்டாயிற்று என்று பொருள். 'ஈவினிங்' மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே தொடங்கிவிடும். ஒரு பெண்ணைப் பற்றி 'டெலிகேட்' என்று எழுதியிருந்தால் மென்மையானவள் என்று படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். அது காசநோய்க்கு வைத்த நாகரிகப் பெயராக இருக்கலாம். காசநோய் ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்கு வரன் வராது. அதனால் பெயரைச் சொல்லமாட்டார்கள். அயர்லாந்தில் காசநோய் மரணம் உச்சத்தைத் தொட்டது 1904இல், அதாவது உங்கள் கடிதங்களின் காலத்துக்குள்.

அந்த 1898 கல்யாணச் செய்தியையும் இன்னும் கொஞ்சம் தோண்டலாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அன்றைய கத்தோலிக்கர் கல்யாணம் செய்யமாட்டார்கள், ஆகவே கிராமக் கல்யாணங்களெல்லாம் அதற்கு முந்தைய சில வாரங்களில் குவியும். அந்த வருடம் தவக்காலம் பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. மார்ச் கடிதத்தில் கல்யாணச் செய்தி வருவது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. 1883இல் தங்கைக்கு 19 வயது என்றால் அண்ணனுக்கு 1898இல் முப்பத்தைந்தாவது இருக்கும். ஏன் அவ்வளவு தாமதம்? நிலம் ஒரே ஒரு மகனுக்குத்தான், அதுவும் தகப்பன் கையை விட்டுக் கொடுத்த பிறகுதான். நிலம் கைக்கு வரும்வரை பெண் கொடுக்கமாட்டார்கள். வருகிற பெண்ணின் சீதனத்தில் மாப்பிள்ளையின் தங்கைகளைக் கரையேற்றுவார்கள், கல்யாணத்துக்கோ கப்பலுக்கோ. ஆகவே 1898க்குச் சற்று முன்னால் தகப்பன் இறந்திருக்கவேண்டும், அல்லது நிலத்தை எழுதிக்கொடுத்திருக்கவேண்டும். 1896க்குப் பிறகு அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை என்று நீங்களும் சொல்கிறீர்கள். இதற்குத் திரும்பி வருகிறேன்.

உங்கள் கணவர் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் 'உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பி வந்தவள்' என்ற கதை அப்படியே நிற்காது. பெரும் பஞ்சம் 1845 முதல் 1852 வரை. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகமானவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். ஆனால் உங்கள் கொள்ளுப்பாட்டி பிறந்ததே 1864 வாக்கில். அதற்காகக் கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம். 1879இல் மேற்கில் கிழங்கு மறுபடி அழுகியது. அதைச் சின்னப் பஞ்சம் என்பார்கள். அப்போது அவருக்குப் பதினைந்து வயது, பசி நினைவிருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் காதில் இரண்டு பஞ்சமும் ஒன்றாகக் கலந்துபோயிருக்கலாம். பயணச் செலவு யார் கொடுத்தது என்பதும் நிச்சயமில்லை. 1882 முதல் 1884 வரை ஜேம்ஸ் ஹேக் டியூக் என்பவர் திரட்டிய நிதியில் மேயோவிலிருந்தும் கால்வேயிலிருந்தும் 9,000 பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள். சில கப்பல்கள் மேயோவின் பிளாக்ஸாட் விரிகுடாவிலிருந்து நேராக பாஸ்டனுக்கே போயின. வருடமும் ஊரும் பொருந்துவதால் அவர் அதில் போனார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிதி முழுக் குடும்பங்களைக் கிளப்புவதையே விரும்பியது, இங்கே குடும்பம் ஊரில் தங்கியிருக்கிறது. ஆகவே முன்பே போன அக்காவோ அத்தையோ டிக்கெட் அனுப்பியிருப்பார் என்பதே என் ஊகம். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் போனது அப்படித்தான். ஒருத்தி போய்ச் சம்பாதித்து அடுத்தவளைக் கூப்பிட்டுக்கொள்வாள். பாஸ்டனில் முதல் கடிதம் எந்த முகவரிக்கு வந்தது என்று உறையைப் பாருங்கள். அது அந்த அக்காவின் முகவரியாக இருக்கலாம்.

1904க்குப் பிறகு கடிதங்களின் சுருதி மாறுகிறது, மழை பற்றிய புலம்பல் குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். மழை குறைந்திருக்காது. 1903 விந்தம் சட்டத்துக்குப் பிறகு குத்தகைதாரர்கள் அரசுக் கடனில் தங்கள் நிலத்தையே வாங்கினார்கள். கடனை அடைக்க 68½ வருடம், ஆனால் தவணை பழைய குத்தகையைவிடக் குறைவு. 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முதியோர் ஓய்வூதியம் வந்தது. கையில் காசைப் பார்க்காத வீட்டில் கிழவி திடீரென்று சம்பாதிப்பவள் ஆகிவிட்டாள். 1864க்கு முன்னால் அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது, வயதை எப்படி நிரூபிப்பது? 1839 ஜனவரி 6 இரவு நாட்டையே புரட்டிப்போட்ட பெருங்காற்று நினைவிருக்கிறதா என்று விசாரித்தார்கள். நினைவிருக்கிறது என்றால் எழுபது ஆகிவிட்டது. எத்தனை பேருக்குத் திடீரென்று நினைவு வந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். (பார்த்தீர்களா, புயலும் ஒன்று நிஜமாகவே வருகிறது, ஆனால் வேறு இடத்தில்.) 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் 1911 கணக்கெடுப்புக்கும் இடையில் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடிய பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தேடுவது எப்படி? கடிதத்தின் தலைப்பில் ஊருக்கு மேலே ஒரு சின்ன இடப்பெயர் இருக்கும், அதுதான் டவுன்லேண்ட், அங்கே நிலத்தைப் பிரிக்கும் மிகச் சிறிய அலகு. அயர்லாந்தில் 60,000க்கும் மேல் இருக்கின்றன. குடும்பப் பெயரைவிட அதுதான் முக்கியம், மேயோவில் ஒரே குடும்பப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதை வைத்து 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீட்டில் யார் யார், யாருக்கு ஐரிஷ் தெரியும், யாருக்குப் படிக்கத் தெரியும் என்று இருக்கும். நான் மேலே ஊகமாகச் சொன்ன மொழி விஷயத்தை அங்கே சோதித்துவிடலாம். கொட்டில்களுக்கென்று தனிப் படிவம் உண்டு, மாட்டுக்கொட்டில் எத்தனை, பன்றிக்கொட்டில் எத்தனை என்று. சிவப்பு மாடு கட்டியிருந்த இடம் அரசாங்கக் கணக்கில் இருக்கும். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சிலவற்றை அரசே அழித்துவிட்டது, மற்றவற்றில் பெரும்பகுதி 1922இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த தீயில் போய்விட்டது. அதற்குப் பதிலாக 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீட்டைப் பாருங்கள், கொள்ளுப்பாட்டியின் தகப்பனோ தாத்தாவோ எத்தனை ஏக்கர் வைத்திருந்தார் என்று வரும். நாய் லைசென்ஸ் பதிவேடுகள்கூட இருக்கின்றன, நாயின் நிறம் உட்பட. கால்வே பல்கலைக்கழகம் இந்த மாதிரிக் குடியேறிகளின் கடிதங்களை ஆயிரக்கணக்கில் 'இமிர்க்கெ' என்ற பெயரில் 2024இல் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கெர்பி மில்லர் என்ற வரலாற்றாசிரியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை. நாலைந்தைப் படித்தாலே உங்கள் அண்ணன்காரர் தனியாள் இல்லை என்று புரிந்துவிடும். கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், உறைகளைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அப்பா. அவர் இறந்த செய்தியை அண்ணன் எழுதாமல் விட்டிருக்கமாட்டார். 26 வருடத்தில் 11 கடிதங்கள் என்றால் நிச்சயம் பல தொலைந்திருக்கின்றன, அதில் ஒன்று அது. இறப்புப் பதிவைத் தேடினால் நாள் கிடைத்துவிடும். அந்தக் காலத்துப் பதிவேடுகளின் படங்கள் அயர்லாந்து அரசின் வம்சாவளி இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் கடிதத்தையும் ஒருமுறை தேடிப்பாருங்கள். மரணச் செய்தி கொண்டுபோகும் உறைக்குக் கறுப்பு ஓரம் அச்சிட்டிருக்கும், பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நான் பார்த்த இரண்டு குடும்பங்களில் அந்த ஒரு கடிதம் மட்டும் மற்றவற்றோடு இல்லை. கிழவியின் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. உங்கள் மாமியார் வீட்டில் பழைய ஜெபப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?